நெவர்ன்: ஒரு வேல்ஸ் கிராமப் பங்கையும் அதன் பழங்கற்களையும் நிதானமாகப் பார்ப்பது எப்படி

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில், பெம்புரோக்‌ஷயர் மாவட்டத்தின் வடபுறத்தில், ஆங்கிலத்தில் நெவர்ன் என்றும் வேல்ஸ் மொழியில் நன்ஹவெர் என்றும் வழங்கும் ஒரு சிற்றூர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பழைய கற்பாலம், ஒரு விடுதி, சில வீடுகள் என்பதற்குமேல் ஊரில் அதிகமில்லை. நியூபோர்ட்டிலிருந்து கார்டிகனுக்குக் காரில் போகிறவர்கள் பலர் வழியில் இங்கே இறங்கி, இரத்தம் வடிக்கும் மரத்தைப் படமெடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். முதல்முறை போனபோது நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம்முறை இரண்டு நாள் தங்கியபோதுதான், தேவாலய வாசலிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குள்ளேயே புதிய கற்காலக் கல்திட்டை, இரும்புக் காலக் கோட்டை, ரோமானியர் போன பிறகு நட்ட கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் எழுப்பிய மண்மேடு ஆகிய அனைத்தும் அடங்கியிருப்பது புரிந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டு நாளை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைப் பற்றியது.

முதலில் ‘பங்கு’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்றும், தென்னிந்தியத் திருச்சபையினர் சேகரம் என்றும் சொல்வதற்கு நெருக்கமான அமைப்புத்தான் இது: ஒரு தேவாலயமும் அதன் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பும் சேர்ந்தது. வேல்ஸில் உள்ளாட்சிக்கான பங்குகள் 1974இல் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ‘சமூகம்’ என்ற பெயரில் அடிமட்ட ஆட்சி அலகுகள் வந்தன. தேவாலயப் பங்குகளோ, 1920இல் அரசுடனான பிணைப்பு அறுபட்டுத் தனித்து நிற்கும் வேல்ஸ் திருச்சபையின்கீழ்த் தொடர்கின்றன. பயணிக்கு இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. தேவாலயத்தைத் திறப்பதும் பூட்டுவதும் திருச்சபையின் பொறுப்பு. பொதுப்பாதையும் பெயர்ப்பலகையும் உள்ளாட்சியின் பொறுப்பு. தொல்லியல் சின்னங்களில் பல, கேடு என்னும் வேல்ஸ் அரசின் மரபுச்சின்ன அமைப்பின் பராமரிப்பில் உள்ளவை. எனவே ஓரிடத்தின் திறப்பு நேரத்தை வைத்து மற்றோரிடத்தை ஊகிக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேரும் வழி

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஹாவர்ஃபோர்டுவெஸ்ட் வரை போவது ஏறத்தாழ 5 மணி நேரப் பயணம். பெரும்பாலும் வழியில் ஒரு மாற்றம் இருக்கும். அங்கிருந்து டி5 என்ற பேருந்து ஃபிஷ்கார்டு, நியூபோர்ட், கார்டிகன் வழியாக அபெரிஸ்ட்வித் வரை ஓடுகிறது. கார்மார்தனில் இறங்கி 460ஆம் எண் பேருந்தில் கார்டிகனை அடைந்து, அங்கிருந்து டி5 பிடிப்பது மற்றொரு வழி. நெவர்ன் கிராமம் ஏ487 நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, பி4582 என்ற சிறுசாலையில் இருப்பதால், நியூபோர்ட்டில் தங்கி, அங்கிருந்து 3 கிலோமீட்டர் சுமாருக்கு நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். நியூபோர்ட் என்ற பெயரைத் தேடும்போது கவனம் தேவை: தென்கிழக்கு வேல்ஸில் இதே பெயரில் பெரிய நகரம் ஒன்று உண்டு, அவசரத்தில் அங்கே அறை பதிவு செய்துவிட்டால் நாட்டின் மறுகோடியில் போய் நிற்பீர்கள். வேல்ஸ் மொழிப் பெயரான ‘ட்ரெவ்டிரைத்’ என்பதைச் சேர்த்துத் தேடினால் குழப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் குளிர்காலத்திலும் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால், டிராவ்லைன் கம்ரி என்ற தகவல் சேவையில் முதல்நாளே நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

காரில் வருபவர்கள் எம்4 நெடுஞ்சாலையின் முடிவு வரை வந்து, கார்மார்தன் வழியாகக் கார்டிகனை நோக்கித் திரும்பலாம். கடைசி சில கிலோமீட்டர்தான் சோதனை. இருபுறமும் ஆளுயர வேலிமேடுகள் எழுந்து நிற்க, நடுவே ஒரே ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சந்துகள் இங்கே சாலை என்று பெயர் பெறுகின்றன. எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னோக்கி ஓட்டிப்போய் வழிவிடுவதுதான் வழக்கம். எதிரே வருவது பால்வண்டியாகவோ டிராக்டராகவோ இருந்தால், யார் அருகில் என்று பார்க்காமல் நீங்களே பின்வாங்கிவிடுவது மரியாதை. வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி காட்டாமல் போவது இங்கே அநாகரிகம். ஊர்களுக்குள் பெரும்பாலும் மணிக்கு 20 மைல் என்ற வரம்பு 2023 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

தொலைபேசிச் சமிக்ஞை பள்ளத்தாக்குகளில் அற்றுப்போகும். ஒருமுறை திரையில் நீலக்கோடு காட்டிய வழியையே நம்பிப்போய், ஒரு பண்ணை முற்றத்தில் நான்கு நாய்களுக்கு நடுவே நின்றேன். ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்35 என்ற 1:25,000 அளவு வரைபடத்தில் வடபெம்புரோக்‌ஷயரின் ஒவ்வொரு பொதுப்பாதையும் பச்சைக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் காகிதமாகவே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்புகாத மேலங்கியும், கணுக்காலை மூடும் காலணியும் கோடையிலும் வேண்டும். கழிப்பறை, சாப்பாட்டுப் பொருள் ஆகியவற்றை நியூபோர்ட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

வழியில் கண்ணில்படும் சில வேல்ஸ் சொற்களைத் தெரிந்துகொண்டால் பலகைகள் பேச ஆரம்பிக்கும். ‘எக்லுய்ஸ்’ தேவாலயம், ‘காஸ்டெல்’ கோட்டை, ‘காரெக்’ கல், ‘பாண்ட்’ பாலம், ‘லுய்பிர்’ பாதை, சாலையில் பெரிய வெள்ளை எழுத்தில் ‘அராவ்’ என்றிருந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறது. ஒற்றை எஃப் எழுத்து வேல்ஸில் ‘வ’ என ஒலிக்கும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால், பின்னால் பார்க்கப்போகும் கல்திட்டையான பென்ட்ரெ ஈவான் என்பதை ‘இஃபான்’ என்று தவறாகச் சொல்ல மாட்டீர்கள். கடையிலும் பேருந்திலும் ‘தியோல்க்’ என்று நன்றி சொல்லுங்கள். உச்சரிப்பு பிசகினாலும் முகம் மலரும்.

எப்போது போவது என்பதற்கு என் விடை வெயிலின் சாய்வைப் பொறுத்தது. தேய்ந்துபோன செதுக்கல்கள் உச்சிவெயிலில் கண்ணுக்குத் தட்டுப்படுவதேயில்லை. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் அதே கல்லில் கோடுகள் எழுந்து நிற்கும். டிசம்பரில் மாலை 4 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுவதால் நடக்க நேரம் போதாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான காலம் சிறந்தது.

முதல்நாள் காலை: தேவாலய முற்றம்

புனித பிரனாக் தேவாலயம் 6ஆம் நூற்றாண்டில் அந்தத் துறவியால் நிறுவப்பட்டது என்பது மரபு. இன்று நிற்கும் கட்டடத்தில் கனத்த, குட்டையான கோபுரம் நார்மன் பாணியைச் சேர்ந்தது. மற்றவை பெரும்பாலும் பிற்கால வேலை, 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டவை. கட்டடத்துக்குள் அவசரப்பட்டு நுழையாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் வெளியிலேயே செலவாக வேண்டும்.

வாயிற்கதவைத் தாண்டியதும் இருபுறமும் யூ என்னும் ஊசியிலை மரங்கள் கூரைபோல் கவிந்த நடைபாதை தொடங்கும். வலப்பக்கத்தில் இரண்டாவது மரம்தான் பெயர்பெற்ற ‘இரத்தம் வடிக்கும் யூ’. வெட்டுப்பட்ட கிளையின் தழும்பிலிருந்து செந்நிறப் பிசின் கசிந்து, பட்டையில் வழிந்து உறைந்திருப்பதைக் கிட்டே நின்று பார்க்கலாம். ஈரமான நாளில் அது உண்மையிலேயே புதுக்காயத்தை நினைவூட்டும். செய்யாத குற்றத்துக்காக இம்மரத்தில் தூக்கிலிடப்பட்ட துறவியின் சாபம் என்பது ஒரு கதை. மேட்டிலுள்ள கோட்டையில் மீண்டும் ஒரு வேல்ஸ் இளவரசன் அமரும் வரை இது வடிந்துகொண்டேயிருக்கும் என்பது இன்னொரு கதை. எதை நம்பினாலும் பிசினைத் தொட்டு விரலை வாயருகே கொண்டுபோக வேண்டாம். யூ மரத்தில் கனியின் சிவந்த சதையைத் தவிர விதை, இலை, பட்டை எல்லாமே நஞ்சு. சிறுவர்களை அழைத்துவருபவர்கள் இதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தேவாலயத்தின் தென்பக்கத்தில் நிற்பது பெருஞ்சிலுவை. உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். 10ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. தண்டு ஒரு கல், வட்டத் தலை வேறொரு கல். தச்சர் மரத்தில் செய்வதுபோல் ஒன்றில் முளையும் மற்றொன்றில் துளையும் வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். நான்கு முகங்களிலும் கட்டம் கட்டமாகப் பின்னல்களும் மடிப்புக்கோலங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெறுமனே அண்ணாந்து பார்த்துவிட்டு நகராமல், ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் ஓரிழையைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்: மேலே ஏறி, அடுத்த இழையின் அடியில் நுழைந்து, ஓரத்தில் மடங்கி, மறுபடி வந்த இடத்துக்கே திரும்பும். வாசலில் சிக்குக்கோலம் போட்ட கைக்கு இந்த இழையின் போக்கு உடனே பிடிபடும். பாசி படிந்த இடங்களைச் சுரண்டவோ, காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுக்கவோ கூடாது. ஆயிரம் ஆண்டு மழை செய்யாத சேதத்தை ஓர் உற்சாகமான விரல்நகம் செய்துவிடும்.

இச்சிலுவைக்கு ஒரு குயில் கதையும் உண்டு. ஆண்டின் முதல் குயில் புனித பிரனாக்கின் நாளான ஏப்ரல் 7 அன்று இச்சிலுவையின் உச்சியில் வந்தமர்ந்து கூவும் என்றும், அதன் குரல் கேட்ட பிறகே குரு திருப்பலியைத் தொடங்குவார் என்றும் சொல்வார்கள். ஓராண்டு குயில் வரத் தாமதமாயிற்றாம், மக்கள் காத்திருந்தார்கள், கடைசியில் களைத்துப்போய் வந்த பறவை ஒருமுறை கூவிவிட்டுச் செத்து விழுந்ததாம். இப்பங்கின் ஹென்லிஸ் மாளிகையில் வாழ்ந்து 1613இல் மறைந்த ஜார்ஜ் ஓவன் என்ற வரலாற்றாய்வாளர் இந்த நம்பிக்கையைப் பதிவுசெய்து வைத்ததால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

அடுத்தது, அவசரக்காரர்கள் கவனிக்காமல் தாண்டிவிடும் கல். முகப்பு மண்டபத்தை ஒட்டி நிற்கும் வித்தாலியானுஸ் கல், ரோமானியப் படை பிரிட்டனை விட்டுப்போனதற்குப் பிந்தைய காலமான 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது. முகத்தில் இலத்தீன் எழுத்தில் ‘வித்தாலியானி எமெரெத்தோ’ என்றிருக்கிறது. இரண்டாம் சொல், பணி முடித்து ஓய்வுபெற்ற படைவீரரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் திரிபு என்று கருதுவோர் உண்டு. கல்லின் விளிம்பில் அதே பெயர் அயர்லாந்திலிருந்து வந்த ஓகம் எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. ஓகம் எழுத்தை வாசிப்பது நினைப்பதைவிட எளிது. விளிம்பே கோடு, கீழிருந்து மேலே போக வேண்டும். விளிம்பின் மேலேயே விழும் சிறு பள்ளங்கள் உயிரெழுத்துகள்: ஒன்று என்றால் ‘அ’, ஐந்து என்றால் ‘இ’. விளிம்பின் ஒரு பக்கமாக நீளும் மூன்று வெட்டு ‘வ’, இரண்டு ‘ல’, ஐந்து ‘ன’. எதிர்ப்பக்கமாக நீளும் மூன்று வெட்டு ‘த’. இதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு, சிறிய கைவிளக்கை விளிம்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்துக் கீழிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். மூன்று வெட்டு, ஐந்து பள்ளம், மீண்டும் மூன்று வெட்டு, ஒரு பள்ளம், இரண்டு வெட்டு என ஏறும்போது வி, தா, லி என்று பெயர் உங்கள் வாயில் உருவாகத் தொடங்கும். சில வெட்டுகள் தேய்ந்துபோயிருப்பதால் எண்ணிக்கை நடுவில் தடுமாறும். அப்போது இலத்தீன் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு உள்ளே போங்கள். பகலில் பெரும்பாலும் கதவு சும்மா சாத்தியிருக்கும்; தள்ளித் திறந்து, பறவைகள் நுழையாதபடி மீண்டும் சாத்திவிடுங்கள். வழிபாடு நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் அமரலாம், ஆனால் சுற்றிப் பார்க்கக் கூடாது. சிலுவை வடிவக் கட்டடத்தில் தெற்கே நீளும் கையின் ஜன்னல் அடிப்பலகையாகக் கிடத்தப்பட்டிருக்கும் கல்லே இத்தேவாலயத்தின் இரண்டாவது இருமொழிக் கல்வெட்டு. ‘க்ளுத்தோரியின் மகன் மக்லோகுனுஸின் கல்’ என்ற பொருளில், இலத்தீனில் ‘ஃபிலி’ என்றும் ஓகத்தில் அயர்லாந்து மொழியின் ‘மக்கி’ என்றும் மகனுக்கான சொல் வருகிறது. ஒரே குடும்பத்தின் செய்தியைக் கடலின் இருகரை மொழியினரும் வாசிக்கும்படி ஒருவர் வெட்டச் செய்திருக்கிறார் என்றால், அந்நாளில் இக்கரையில் அயர்லாந்தவர் குடியேறி வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மற்றொரு ஜன்னலடியில் பின்னல் சிலுவை செதுக்கிய பலகைக்கல் ஒன்றும் இருக்கிறது. புறப்படுமுன் காணிக்கைப் பெட்டியில் இயன்றதைப் போடுங்கள். இத்தகைய சிறுபங்குகளில் கூரை ஒழுகாமல் இருப்பது அதை நம்பித்தான்.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவரும்போது, இப்பங்கின் குருவாக இருந்து 1852இல் இறந்த ஜான் ஜோன்ஸ் என்ற ‘தெகிட்’டை நினைத்துக்கொள்ளலாம். வேல்ஸின் இடைக்காலக் கதைத்தொகுதியான மபினோகியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த சீமாட்டி ஷார்லட் கெஸ்டுக்குப் பழைய சுவடியிலிருந்து மூலத்தைப் படியெடுத்துக் கொடுத்தவர் அவர்.

முதல்நாள் பிற்பகல்: யாத்திரீகர் சிலுவையும் மேட்டுக்கோட்டையும்

தேவாலயத்திலிருந்து மேற்கே மேடேறும் பாதையில் கொஞ்சம் நடந்தால், செங்குத்தான பாறைமுகத்திலேயே புடைத்து நிற்கும்படி வெட்டிய சிலுவை ஒன்றைக் காணலாம். அதன் அடியில் முழங்காலிட்டுத் தேய்ந்த பள்ளமும் இருக்கிறது. வடவேல்ஸின் ஹோலிவெல்லிலிருந்து புனித டேவிட் பேராலயத்துக்கு நடந்த யாத்திரீகர்கள் இவ்வழியே போனார்கள். அங்கே இருமுறை போவது ரோமாபுரிக்கு ஒருமுறை போவதற்குச் சமம் என்ற நம்பிக்கை இடைக்காலத்தில் இருந்தது. மரநிழலில், ஈரப்பாசிக்கு நடுவே இருப்பதால் பலர் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். பாதை வழுக்கும்.

இதற்குமேல், கிராமத்துக்கு வடமேற்கே மரங்கள் மூடிய முகட்டில் நெவர்ன் கோட்டை. அனுமதி இலவசம். மதில்களும் கோபுரங்களும் கொண்ட கோட்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காண்பது மண்மேடும், அகழிகளும், பாறையைக் குடைந்த ஆழமான வெட்டும், சில்லுக்கல் சுவரின் எச்சங்களும். நடந்த கதை தெரிந்தவருக்கோ இதைவிடச் சுவையான கோட்டை இப்பகுதியில் இல்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எழுப்பியவர் ராபர்ட் ஃபிட்ஸ்மார்ட்டின் என்ற நார்மானியப் பிரபு. அவர் வழிவந்த வில்லியம், தென்வேல்ஸின் பெருமன்னன் ரீஸ் ஆப் கிரிஃபித்தின் மகள் ஆங்காரதை மணந்தார். மருமகனின் கோட்டையைத் தொடமாட்டேன் என்று திருப்பண்டங்களின்மேல் ஆணையிட்டிருந்த ரீஸ், 1191இல் ஆணையை மீறி அதைக் கைப்பற்றினார். மூன்றே ஆண்டில், 1194இல், பெற்ற பிள்ளைகளே அவரைப் பிடித்து இதே கோட்டைக்குள் சிறைவைத்தார்கள். அவர் காலத்தில் வாழ்ந்த ஜெரால்டு என்ற குருவானவர், ஆணை மீறியவருக்குக் கிடைத்த தெய்வத் தண்டனை என்று இதை எழுதிவைத்தார். அதற்குப் பிறகு கோட்டை கைவிடப்பட, ஃபிட்ஸ்மார்ட்டின் குடும்பம் நியூபோர்ட்டுக்கு இடம் மாறியது.

பெரிய மண்மேட்டில் ஏறி நின்று பார்த்தபின், எதிர்க்கோடியில் பாறைவெட்டால் பிரிக்கப்பட்ட உள்கோட்டைப் பகுதிக்கும் போங்கள். டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் இங்கே நடத்திய அகழாய்வில், கோட்டை வாயிலுக்கு அருகே, கோடுகளும் உருவங்களும் கீறிய கற்பலகைகள் புதைந்திருக்கக் கிடைத்தன. தீயதை வாசலிலேயே தடுத்து நிறுத்தவே அவற்றை அங்கே வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வாசலில் காப்பு வைக்கும் வழக்கம் அறிந்தவருக்கு இது புதிதல்ல. முகட்டின் ஓரங்களில் வேலியில்லை. சிறுவர்களின் கையை விடாதீர்கள்.

கல்திட்டை: தனியாக ஒரு பொழுது

பென்ட்ரெ ஈவான் என்ற கல்திட்டை, நெவர்ன் கிராமத்துக்குத் தென்கிழக்கே உள்ளது. நடந்து போனால் சந்துகளின் வழியாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். காரில் போனால் சாலையோரத்தில் சில வண்டிகளே நிற்கக்கூடிய ஒதுக்கிடம் மட்டும் உண்டு, எனவே காலை 10 மணிக்கு முன்போ மாலையிலோ போவது நல்லது. பண்ணை வாயில்களை மறிக்கும்படி ஒருபோதும் வண்டியை நிறுத்தாதீர்கள். கட்டணம் இல்லை.

ஏறத்தாழ கி.மு. 3500ஐச் சேர்ந்த கூட்டுப்புதைகுழியின் கல்லெலும்புக்கூடு இது. 5 மீட்டருக்குமேல் நீளமும், 16 டன் அளவு எடையும் மதிப்பிடப்படும் மூடுகல், மூன்று நிலைக்கற்களின் கூர்முனைகளில் மட்டும், தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் தங்கியிருக்கிறது. ஒரு நிலைக்கல்லின் பக்கத்தில் போய், மூடுகல் அதைத் தொடும் இடத்தை உற்றுப்பாருங்கள்: உள்ளங்கை அளவுகூட இல்லை. எதிர்ப்பக்க வானம் அந்த இடுக்கு வழியே தெரியும். கட்டப்பட்ட நாளில் இதன்மேல் நீண்ட மண்-கல் மேடு மூடியிருந்திருக்கும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கற்களின் நளினத்தைப் பார்த்தால் இவை மறைக்கப்படுவதற்காக இவ்வளவு நுட்பமாக நிறுத்தப்படவில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், எனக்கு இரண்டாமவரின் பக்கம்தான் சாய்வு. பழஞ்சின்னங்களைக் காக்க 1882இல் இயற்றிய முதல் சட்டத்தின் பட்டியலிலேயே இக்கல்திட்டை இடம்பெற்றது. மேலே ஏறக் கூடாது. மழை பெய்தால் அடியில் ஒதுங்குவதில் தவறில்லை. ஆடுகளும் அதையேதான் செய்கின்றன.

மேற்கே திரும்பினால் கார்ன் இங்லி மலை தெரியும். பிரனாக் அங்கே தேவதூதர்களோடு உரையாடினார் என்பது ஐதீகம். தெற்கே எழுவது பிரெசெலி மலைத்தொடர். இங்கிலாந்தின் பெயர்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்கள் வெட்டியெடுக்கப்பட்டது அதன் கார்ன் கோடொக் போன்ற பாறைமுகடுகளிலிருந்து. இங்கிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பக்கத்திலுள்ள டீ கானோல் என்ற பழங்காட்டில், பாறையையும் கருவாலி மரங்களையும் பாசியும் கற்பாசியும் போர்வையாக மூடியிருக்கின்றன. நேரமிருந்தால் அதன் வழியாகவே கீழே இறங்கிவாருங்கள்.

இரண்டாம்நாள்

காலையில் காஸ்டெல் ஹென்லிஸ். ஏ487 சாலைக்கு அருகிலுள்ள இந்த இரும்புக் காலக் கோட்டையைப் பெம்புரோக்‌ஷயர் கடற்கரைத் தேசியப் பூங்கா நடத்துகிறது. கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் நேரம் குறையும். 1980களில் தொடங்கிப் பல கோடைகள் நடந்த அகழாய்வில் கண்ட தூண்குழிகளின்மேலேயே, அதே அளவில், கூரைவேய்ந்த வட்டக்குடில்கள் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழைந்தவுடன் புகை கண்ணைக் கரிக்கும். கூரையில் புகைபோக்கி கிடையாது, புகை வைக்கோலின் ஊடாகவே கசிந்து வெளியேறுகிறது. கண் இருட்டுக்குப் பழகும் வரை சுவரோரத்துத் திண்டில் அமர்ந்திருங்கள். வாயிலுக்கு வெளியே, தாக்க வருபவரின் ஓட்டத்தைத் தடுக்க நெருக்கமாக நட்ட கூர்ங்கற்களின் வரிசையையும், கவண்கற்கள் குவியலாகக் கிடைத்த செய்தியையும் சேர்த்து யோசித்தால், போர் எப்படி நடந்திருக்கும் என்று விளங்கும்: ஓடிவருபவன் கல்லில் தடுக்கி வேகம் குறைவான், மேலிருந்து கவண் வீசுபவனுக்கு அந்த நொடி போதும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த இடமே மிகவும் பிடிக்கும்.

பிற்பகல் நியூபோர்ட். கழிமுகத்துக்கு அருகே, சாதாரண வீடுகளுக்கு நடுவே, காரெக் கோய்ட்டன் ஆர்தர் என்ற சிறு கல்திட்டை நிற்கிறது. நான்கு நிலைக்கற்களில் இரண்டு மட்டுமே மூடுகல்லைத் தாங்குகின்றன. பென்ட்ரெ ஈவானைப் பார்த்த பிறகு இது சிறியதாகத் தோன்றும், பத்து நிமிடம் போதும். உடலில் தெம்பு இருந்தால் நகரிலிருந்து கார்ன் இங்லியில் ஏறலாம். ஏறத்தாழ 350 மீட்டர் உயரம், உச்சிக்கு அருகே பாறைக்குவியல்களுக்கு இடையே பழங்கோட்டையின் சிதைந்த சுவர்கள். மேகம் உச்சியைத் தொட்டிருந்தால் கிளம்பாதீர்கள். புதர்ச்செடிகளில் உண்ணி இருக்கும், இறங்கியதும் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுகள் மேயும் இடமெங்கும் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்; திறந்திருந்த வாயிலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட வேண்டும்.

மூன்றாம்நாள் கிடைத்தால் டி5 பேருந்தில் கார்டிகனுக்குப் போங்கள். 1176இல் அந்நகரக் கோட்டையில் ரீஸ் மன்னன் கூட்டிய கவிஞர், இசைஞர் போட்டியையே வேல்ஸின் முதல் ஐஸ்டெத்வோடாகக் கொள்கிறார்கள். நெவர்னில் சிறைப்பட்டவரின் நல்ல நாள்களை இங்கே பார்க்கலாம். தெய்வி ஆற்றின் பள்ளத்துக்கு மேல் இரட்டை வட்டக்கோபுரங்களோடு நிற்கும் கில்கெரன் கோட்டையும் தொலைவில்லை. ஆனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், ஆற்றின் மறுகரையிலுள்ள செயின்ட் டாக்மெல்ஸையே தேர்ந்தெடுப்பேன். நெவர்ன் கோட்டையைக் கட்டிய அதே ராபர்ட் நிறுவிய மடத்தின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன. பக்கத்துப் பங்குத் தேவாலயத்துக்குள் சக்ரானுஸ் கல் இருக்கிறது. ஒருகாலத்தில் ஓடையைத் தாண்டும் பாலமாகக் கிடந்த இக்கல்லில், ‘குனொத்தாமியின் மகன் சக்ரானுஸின் கல்’ என்பது இலத்தீனிலும் ஓகத்திலும் முழுதாக நிலைத்திருப்பதால், 19ஆம் நூற்றாண்டில் ஓகம் எழுத்தின் ஒலிகளை உறுதிசெய்ய இது திறவுகோலாக உதவியது. வித்தாலியானுஸ் கல்லில் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பை எடுத்துக்கொண்டு, கைவிளக்கோடு இதன் விளிம்பில் எண்ணிப் பாருங்கள். இலத்தீனில் ‘சக்ரானி’ என்றிருக்கும் இடத்தில் ஓகம் ‘சக்ரக்னி’ என்று ஒரு மெய்யைக் கூடுதலாக வைத்திருப்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கார்டிகனுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும் என்பதால், நிறுத்தத்திலுள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.